ஆலையைச் சுழற்றிய தாமிரபரணி துணி துவைக்காதது ஏன்?

விக்கிரமசிங்கபுரத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசத்துக்குச் செல்லும் சாலையில், பொதிகை மலை கண்ணெதிரே எழுந்து நிற்கும் இடத்தில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் வி.கே.புரம் என்று கேட்டால்தான் சட்டென்று வழி சொல்வார்கள். ஊரின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் ஹார்வி மில்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்னும் சகோதரர்கள் 1880-களில் இங்கே பஞ்சாலை நிறுவினார்கள். நிலக்கரிச் சுரங்கம் எதுவும் அருகில் இல்லாத மலையடிவாரத்தை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஆறு. மலையை விட்டு இறங்கும் தாமிரபரணியின் நீரைத் திருப்பி டர்பைன் மேல் பாயவிட்டார்கள். டர்பைன் சுழன்றது, அதனோடு ஆலையின் கதிர்கள் சுழன்றன, பஞ்சு நூலாயிற்று. பின்னர் 1944-இல் அதே ஆற்றிலிருந்து பாபநாசம் நீர்மின் நிலையம் மின்சாரமும் எடுக்கத் தொடங்கியது.

இப்போது ஆலையை விட்டு இறங்கி ஆற்றின் படித்துறைக்கு வாருங்கள். அங்கே ஒரு புதிர் இருக்கிறது. நூல் நூற்கும் வேலையை 1880-களிலேயே ஆற்றிடம் ஒப்படைத்துவிட்ட ஊர், அந்த நூலால் நெய்த வேட்டியையும் புடைவையையும் துவைக்கும் வேலையை மட்டும் இன்னுமொரு நூறு ஆண்டுக்காலம் மனிதக் கைகளிடமே விட்டு வைத்திருந்தது. சலவை இயந்திரம் அதுவரை கண்டுபிடிக்கப்படவில்லையோ என்றால், அதுவும் இல்லை. ஹார்வி சகோதரர்கள் பிறப்பதற்கு முன்பே ஐரோப்பாவில் அது இருந்தது. பிறகு ஏன் வரவில்லை? இக்கேள்விக்கு விடை காணுமுன், இயந்திரங்கள் துணியை எப்படி நடத்தின, கைகள் எப்படி நடத்தின என்பதைத் தெரிந்துகொள்வோம்.

படித்துறையில் நடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். துணியை நனைத்து, சவுக்காரம் தேய்த்து, கசக்கி, கல்லில் ஓங்கி அறைந்து, அலசிப் பிழிகிறார்கள். கல்லில் அறைவதால் அழுக்கு உதிர்ந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அழுக்கு அப்படி உதிர்வதில்லை. துணி கல்லில் மோதும் கணத்தில் அதன் மடிப்புகளுக்குள் இருக்கும் நீர் நெருக்குண்டு, இழைகளுக்கு இடையே பீறிட்டு வெளியேறுகிறது. சவுக்காரம் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் அழுக்கை அந்த நீர்தான் இழுத்துச் செல்கிறது. அழுக்கை அகற்றுவது துணியின் ஊடே ஓடும் நீர். கல் அதை ஓட வைக்கிறது, அவ்வளவுதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்நாட்டு இயந்திர வல்லுநர்களுக்கு இது பிடிபட நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கல்லடியில் வேட்டி கிழிந்து போகாதா? நாம் நினைக்கும் அளவுக்குப் போவதில்லை. பருத்தி இழைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. நனைந்தால் அதன் பலம் கூடும். ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வரை. நீர் இழையின் உள்ளே புகுந்து, நெருங்கிக் கிடக்கும் செல்லுலோஸ் மூலக்கூறுத் தொடர்கள் சற்று நகர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்ள இடங்கொடுக்கிறது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தூய பருத்தி நூலில் ஒரு சிறு வாளியைக் கட்டித் தொங்கவிட்டு, நூல் அறும்வரை செம்பு செம்பாக நீர் ஊற்றுங்கள். பிறகு நன்றாக நனைத்த நூலில் அதையே செய்யுங்கள். நாலைந்து தடவை செய்து சராசரி பாருங்கள். (தையல் கடை நூல் பெரும்பாலும் பாலியெஸ்டராக இருக்கும், அது நனைந்தாலும் காய்ந்தாலும் ஒன்றுதான்.) கம்பளியும் பட்டும் நனைந்தால் பலம் குறைகின்றன; பழைய ரகச் செயற்கைப் பட்டான ரேயானோ பாதி பலத்தை இழந்துவிடுகிறது. அவற்றைக் கல்லில் அறைந்தால் கதை முடிந்தது. பருத்தி உடுத்திய நம் நாட்டில் துவைகல் நிலைத்ததற்கு இது ஒரு நல்ல காரணம். பொத்தான் உடைவது வேறு விஷயம். பொத்தான் பருத்தியால் ஆனதல்லவே!

ஆனால் வீட்டில் துவைப்பதைக் கொண்டு சலவைத் தொழிலாளரின் வேலையை அளக்கக் கூடாது. அவர்களிடம் வெள்ளாவி இருந்தது. உவர்மண்ணையோ சலவைச் சோடாவையோ கரைத்த நீரில் துணிகளைத் தோய்த்து, அடுப்பின் மேல் நீர் நிறைந்த பானையைச் சுற்றி அவற்றை அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வேகவைப்பார்கள். உவர்மண்ணின் சாரம் சோடியம் கார்பனேட். அந்தக் காரம் துணியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கின் ஒரு பகுதியை அங்கேயே சவுக்காரமாக மாற்றிவிடும். ஆவியின் சூடு பிசுக்கை இளக்குவதோடு கிருமிகளையும் கொல்லும். விடியற்காலையில் மூட்டை ஆற்றுக்குப் போகும்போதே வெளுப்பு வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும். கல்லடி என்பது இளகிய அழுக்கையும் மிச்சமான காரத்தையும் வெளியேற்ற மட்டுமே. அதன்பின் மணலிலும் புல்லிலும் ஈரத்தோடு விரித்துப் போட்டால், மீதியைச் சூரியன் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கைத்திறன் சாதாரணமானதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலிருந்து ஏற்றுமதி செய்த துணிகளை வெளுக்கத் தனிக் குடியிருப்பே தேவைப்பட்டது. வண்ணாரப்பேட்டை என்ற பெயர் அதனால் வந்ததே. தாமிரபரணிக் கரையில் திருநெல்வேலியிலும் ஒரு வண்ணார்பேட்டை இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுக்கக் கொச்சிக்கு அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்ச் சலவைத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள், கொச்சிக் கோட்டைப் பகுதியில் 1976-இல் கட்டப்பட்ட சலவைத்துறையில் அந்தத் தொழிலைத் தொடர்ந்தார்கள். முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையில் துணியின் நுனியைச் செருகி உலர்த்துவது அவர்கள் வழக்கம். கிளிப்பும் வேண்டாம், துருக்கறையும் இல்லை. எந்தத் துணி யார் வீட்டுடையது என்று அறியச் சேராங்கொட்டைச் சாற்றில் குறி இடுவதும் சலவைத் தொழிலாளரின் பழைய முறை. சுண்ணாம்பு சேர்ந்ததும் கறுத்துவிடும் அந்தக் குறி எத்தனை வெள்ளாவி கண்டாலும் போகாது. ஒவ்வாதவர்களின் தோலை அது புண்ணாக்கும் என்பதை, இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் பிடரியில் கண்டுகொண்டார்கள்!

ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலார் 1959-இல் சலவையை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். வெப்பம், நேரம், வேதிப்பொருள், இயக்க விசை ஆகிய நான்கும் அந்த வட்டத்தின் துண்டுகள். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டியாக வேண்டும். வெள்ளாவி வெப்பத்தையும் நேரத்தையும் தாராளமாகச் செலவிட்ட முறை. ஐரோப்பிய இயந்திரங்களோ தொடக்கத்திலிருந்தே இயக்க விசையைக் கையிலெடுத்தன. அதன் விளைவைத் துணி அனுபவித்தது.

ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த யாக்கோப் கிறிஸ்டியன் ஷேஃபர் என்ற பாதிரியார் 1767-இல் ஒரு சலவை இயந்திரத்தைப் பற்றிப் படத்துடன் வெளியிட்டார். மூடியிட்ட மரத்தொட்டி, உள்ளே மர முளைகள் பதித்த கிளறுகோல், மேலே கைப்பிடி. (இவர் பூச்சியியல் அறிஞருங்கூட. அக்காலத்தில் காகிதம் கந்தல் துணியிலிருந்துதான் செய்யப்பட்டது. கந்தலுக்குப் பதில் செடிகொடிகளிலிருந்து காகிதம் செய்ய முடியுமா என்றும் ஆராய்ந்தவர்.) 1782-இல் இங்கிலாந்தில் ஹென்றி சிட்ஜியர் மரக் கம்பிகளால் ஒரு கூண்டு செய்து, அதைத் தொட்டிக்குள் கையால் சுழற்றும்படி அமைத்துக் காப்புரிமை பெற்றார். இன்று முன்பக்கக் கதவு கொண்ட இயந்திரத்தில் நாம் காணும் துளையிட்ட உருளைக்கு அந்தக் கூண்டே பாட்டன். அமெரிக்காவில் 1851-இல் ஜேம்ஸ் கிங், 1858-இல் ஹாமில்டன் ஸ்மித் ஆகியோரும் சுழலும் வகைகளுக்குக் காப்புரிமை பெற்றார்கள்.

இவற்றில் பலவும் கை செய்வதைப் பார்த்து அப்படியே செய்ய முயன்றவை. கை தேய்க்கிறது என்று சொல்லி, வரிப்பள்ளமுள்ள பலகைகளுக்கு இடையே துணியை அரைத்தன. கை கிளறுகிறது என்று சொல்லி, முளைகளால் துணியைக் கவ்வி இழுத்தன. கைக்கு ஓர் அறிவு உண்டு. கழுத்துப்பட்டியை அழுத்தித் தேய்க்கும், நைந்த இடம் வந்தால் தளர்ந்துவிடும். மரமுளைக்கு அது தெரியுமா? தொட்டிகளும் சும்மா இருக்கவில்லை. மரத்தொட்டி காய்ந்தால் சுருங்கி ஒழுகும், நனைந்து நனைந்து சிராய் விடும். எனாமல் பூசிய இரும்புத் தொட்டியில் பூச்சு பெயர்ந்தால் துருக்கறை ஏறும். அந்தக் கறையோடு துணியை வெளுப்புத்தூளில் போட்டால், இரும்பு வினையூக்கியாக நின்று கறை இருந்த இடத்தில் பருத்தியை அரித்துவிடும். கறை போயிற்று என்று பார்த்தால் அங்கே ஓட்டை இருக்கும்.

பிழியும் உருளைகளின் கதை இன்னும் மோசம். 1843-இல் கனடாவில் ஜான் டர்ன்புல் என்பவர் பிழியுருளையுடன் கூடிய சலவை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர்க் கரும்பு பிழியும் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உருளைகள். இடையில் துணியைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினால் நீர் வழியும், துணி மறுபக்கம் தட்டையாக வரும். கையால் முறுக்கிப் பிழிவதைவிட இது துணிக்கு நல்லதே. முறுக்கும்போது இழைகள் குறுக்கே இழுபடுகின்றன, உருளையில் அப்படியில்லை. ஆனால் பொத்தான்கள் நொறுங்கின, கொக்கிகள் நசுங்கித் துணியைக் குத்தின. இல்லத்தரசிகள் சட்டையின் பொத்தான்களை உட்பக்கம் மடித்து வைத்து உருளைக்குக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். கையால் சுற்றிய காலத்தில் இதற்குமேல் ஆபத்தில்லை. மோட்டார் பூட்டியதும் நிலைமை மாறியது. துணியோடு விரல் போயிற்று. விரலோடு கை போயிற்று. குழந்தைகளின் கைகள் முழங்கைவரை உள்ளே இழுக்கப்பட்டன. இந்தக் காயத்துக்கென்று 1930-களில் அமெரிக்க மருத்துவர்கள் தனிப் பெயரே வைக்க வேண்டியதாயிற்று. பின்னால் வந்த இயந்திரங்களில், தட்டினால் உருளைகள் விலகும்படி ஒரு விசை வைத்தார்கள்.

மின்சாரச் சலவை இயந்திரங்கள் 1908 வாக்கில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. தொட்டிக்கு அடியில் மோட்டார். மேலே ததும்பும் நீர். அதன் ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை. துணியின் தலைவிதி மாறியது அதற்குப் பிறகு, 1922-இல். அயோவா மாநிலத்தின் நியூட்டன் நகரில் இருந்த மேடாக் நிறுவனம், அதுவரை மூடியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த கிளறுகோலைத் தொட்டியின் அடியில் வைத்தது. ஹோவர்ட் ஸ்னைடர் என்ற பொறியாளரின் யோசனை அது. மேலிருந்து தொங்கிய கோல் துணியைப் பிடித்து நீருக்குள் இழுத்தது. அடியில் நின்ற துடுப்போ நீரைத் தள்ளித் துணியின் ஊடே ஓட வைத்தது. நம் படித்துறையில் கண்டோமே, அதே உண்மை! மேடாக் நிறுவனம் இதை வைத்துக்கொண்டு சில ஆண்டுகளில் நாட்டின் முன்னணி சலவை இயந்திர நிறுவனமாக வளர்ந்தது. ஆயினும் துடுப்பும் துணியை உரசத்தான் செய்தது. விளிம்புகளும் கழுத்துப்பட்டி மடிப்புகளும் முதலில் நைந்தன.

1937-இல் பெண்டிக்ஸ் நிறுவனம் தானே நீர் எடுத்து, துவைத்து, அலசி, சுழற்றிப் பிழியும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. சிட்ஜியரின் கூண்டு திரும்பி வந்தது என்று சொல்லலாம். உருளை துணியை மேலே தூக்கும். உச்சிக்கு வந்ததும் துணி தன் எடையாலேயே நீரில் விழும். துவைகல்லின் வேலைதான், ஆனால் மென்மையாக. துடுப்பு இல்லாததால் துணி நைவதும் குறைவு. பிழியும்போது உண்டான அதிர்வுக்காக அதைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. சுழற்றிப் பிழிவதில் பொத்தானுக்கு ஆபத்தில்லை. 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள கூடை நிமிடத்துக்கு 1,400 தடவை சுழன்றால், அதன் விளிம்பிலுள்ள நீர்த்துளி புவியீர்ப்பைப்போல் 200 மடங்குக்கு மேற்பட்ட விசையை உணர்கிறது. துளைகள் வழியே அது வெளியே பறக்கிறது. துணியை எதுவும் நசுக்குவதில்லை.

நம் வீடுகளுக்கு வந்ததோ வேறொரு கிளை. ஹூவர் நிறுவனம் 1948-இல் வேல்ஸ் நாட்டின் மெர்தர் டிட்வில் ஆலையில் ஒரு சிறிய இயந்திரம் செய்யத் தொடங்கியது. தொட்டியின் பக்கச் சுவரில் ஒரு சுழல்தட்டு. நீரைச் சுழியாகச் சுழற்றும். ஜப்பானின் சான்யோ நிறுவனம் அதை ஆராய்ந்து 1953-இல் தன் மாதிரியை வெளியிட்டது. சிறிய வீடு, குறைந்த விலை, தண்ணீரைச் சுட வைக்கத் தேவையில்லை. ஆசியாவுக்குப் பொருந்திய இந்த வகையே தட்டை அடியில் வைத்துக்கொண்டு, இரட்டைத் தொட்டியாகி, 1980-களின் பிற்பகுதியில் நம் நாட்டில் பரவியது. கடைக்காரர்கள் பல்சேட்டர் என்றார்கள். நல்ல சாதனம்தான், ஆனால் அதை வடிவமைத்தவர்கள் புடைவையை நினைத்துப் பார்க்கவில்லை. ஐந்தரை மீட்டர் நீளத் துணியை ஒரே பக்கம் சுழலும் நீரில் போட்டால் அது கயிறாகத் திரிந்துவிடும். எங்கள் வீட்டில் முதன்முதலாக மூடியைத் திறந்தபோது, இரண்டு புடைவைகளும் ஒரு வேட்டியும் முப்புரியாக முறுக்கிக் கிடந்தன. சிக்கெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தட்டு மாறி மாறி இரு பக்கமும் சுழலும்படி செய்தது இந்தக் குறையைத் தணிக்கத்தான்.

இனி உலர்த்தி. பிரான்சில் போஷோன் என்பவர் 1800-இல் துளையிட்ட உலோக உருளைக்குள் ஈரத்துணியைப் போட்டு, நெருப்பின் மேல் கையால் சுழற்றினார். துணி காய்ந்தது, புகை நாற்றமும் கரியும் இலவசம். ஐப்பசி அடைமழையில் குழந்தையின் துணியைக் கூடையின் மேல் பரப்பி அடியில் கணப்புச்சட்டி வைத்த நம் பாட்டிமார், போஷோனைக் கேள்விப்படாமலே அதைத்தான் செய்தார்கள். அமெரிக்காவில் 1892-இல் ஜார்ஜ் சாம்ப்சன் அடுப்பின் மேல் சட்டங்கள் பொருத்திய உலர்த்திக்குக் காப்புரிமை பெற்றார். 1938-இல் ராஸ் மூர் என்பவரின் வடிவமைப்பில் மின்சாரம் அல்லது எரிவாயுவால் இயங்கும் உருளை உலர்த்தி விற்பனைக்கு வந்தது. வடக்கு டகோட்டாவின் குளிரில் கொடியில் துணி உறைந்து போவதைப் பார்த்துச் சலித்தவர் அவர்.

ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டுமே ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரம் வேண்டும். வி.கே.புரத்தின் மொட்டைமாடியில் சூரியன் இதை இலவசமாகத் தருகிறது. மலையடிவாரத்துச் சாரல் நாட்களில் மட்டும் சற்றுக் கஷ்டம். செலவை விடுங்கள், உலர்த்தி துணியை எப்படி நடத்துகிறது? நனைந்த பருத்திக்குப் பலம் அதிகம் என்று கண்டோமல்லவா? அதன் மறுபக்கம் இது: முற்றிலும் காய்ந்த பருத்தி பலம் குறைந்து விறைத்துப்போகும். கல், பருத்தி பலமாக இருக்கும்போது அதை அடித்தது. உலர்த்தியோ, அது பலமிழந்துகொண்டே வரும் நேரத்தில் சூடான காற்றில் அதைப் புரட்டிப் புரட்டி எடுக்கிறது. ஒவ்வொரு புரட்டலிலும் இழைத்துணுக்குகள் உடைந்து, வடிகட்டும் வலையில் மெத்தைபோல் படிகின்றன. ஹார்வி மில்லில் பஞ்சை நூலாக்கினார்கள். இங்கே நூல் மீண்டும் பஞ்சாகிறது. கம்பளியைப் போட்டாலோ செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பெரியவர் சட்டை பேரனுக்குச் சரியாகிவிடும். கொடியும் குற்றமற்றதல்ல. கடும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சாயத்தையும் மெல்ல மெல்ல இழையையும் சிதைக்கும். சாயத் துணியை உட்புறம் வெளியே திருப்பி, நிழலில் போடச் சொல்வது அதனால்தான்.

இப்போது நம் புதிருக்கு வருவோம். அறிவு இருந்தது, ஆறு இருந்தது, 1944-க்குப் பின் மின்சாரமும் அருகிலேயே உற்பத்தியாயிற்று. குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வராதது ஒரு தடை, உண்மைதான். ஆனால் அதுவே முழுக் காரணம் என்று நான் நம்பவில்லை. ஆலையில் ஒரு கதிரைக் கையால் சுற்றினால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலி கணக்குப் புத்தகத்தில் ஏறும். ஆகவே அங்கே இயந்திரம் இலாபம். படித்துறையில் துவைத்த பெண்ணுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? ஊர் முழுவதற்கும் வெளுத்த குடும்பத்துக்குக் கிடைத்தது அறுவடையில் ஒரு பங்கு நெல்லும், மாலையில் வீட்டுக்கு வீடு எடுக்கும் சோறும். அதோடு தீண்டாமை வேறு. அந்தக் கைகளின் உழைப்புக்கு விலை போடப்படவில்லை. விலையில்லாத உழைப்பை மிச்சப்படுத்த யார் இயந்திரம் வாங்குவார்கள்? அமெரிக்காவில் வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காத, கிடைத்தாலும் கூலி உயர்ந்த காலத்தில் மின்சார இயந்திரம் விறுவிறுவென்று விற்றது.

இயந்திரத்துக்கு முன்னால் இங்கே வந்தவை தூள்களும் கட்டிகளும்தான். 1888-இல் சன்லைட் சவுக்காரம் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கியது. 1959-இல் சர்ஃப், 1969-இல் நிர்மா. கைகளுக்குப் புதிய வேதிப்பொருள் கிடைத்தது, ஓய்வு கிடைக்கவில்லை. தமிழகத்தில் 2011-இல் தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் இருந்தன, சலவை இயந்திரம் இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில்தான் ஒரு பெரிய கட்சியின் அறிக்கையில் அது இலவசப் பொருளாக இடம்பெற்றது. அக்கட்சி அந்தத் தேர்தலில் தோற்றதால் வாக்குறுதி காகிதத்தோடு நின்றது.

தாமதமாக வந்தாலும் இன்று வி.கே.புரம் வீடுகளிலும் இயந்திரம் சுழல்கிறது. உள்ளே போகும் துணிதான் மாறிவிட்டது. பருத்தியைவிடப் பாலியெஸ்டரும் கலப்புத் துணியும் மிகுதி. பருத்தித் துணுக்கு ஆற்றில் மக்கிப்போகும், பாலியெஸ்டர் துணுக்கு மக்காது. ஒரே ஓர் உடையை ஒரு தடவை இயந்திரத்தில் துவைத்தால் 1,900-க்கும் மேற்பட்ட இழைத்துணுக்குகள் வெளியேறக்கூடும் என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 6 கிலோ அக்ரிலிக் துணியிலிருந்து 7 இலட்சத்துக்கும் மேல் என்று 2016-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டார்கள். பாபநாசத்தில் நீத்தார் சடங்கு முடித்தவர்கள் ஆற்றில் விட்டுச்செல்லும் துணிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. தொண்டர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாய் வழியே போவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் நீங்கள் பார்க்கலாம். மேலே மூடியுள்ள இயந்திரம் உங்கள் வீட்டில் இருந்தால், தொட்டியின் உட்சுவரில் சிறிய வலைப்பை ஒன்று இருக்கும். அடுத்த தடவை துவைத்து முடித்ததும் அதைக் கழற்றி வெள்ளைக் காகிதத்தின் மேல் உதறுங்கள். உலர்ந்தபின் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அப்பாவின் சாரம், தங்கையின் பாவாடை, உங்கள் பள்ளிச் சீருடை எல்லாவற்றின் நிறமும் அதில் தெரியும். ஒரு துணுக்கை இடுக்கியால் எடுத்துத் தீச்சுடர் அருகே காட்டுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகிவிட்டால் பாலியெஸ்டர். எது அதிகம் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.